தூளித் தராசு

மருந்துக்கடையில் யாரோ பிரித்த கார்பாலிக் சோப்பின் வாசனை, ஜலகண்டாபுரத்துத் தறிச்சத்தங்களுக்கு நடுவே என் சின்ன வயதில் ஜில்லா போர்டு வாடகைக்குப் பிடித்திருந்த குழந்தை நல நிலையத்துக்கு என்னை இழுத்துப்போனது. அம்மா வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது நான். நர்சம்மா அவனை வாங்கி, எனாமல் தொட்டியில் வெந்நீர் விளாவி, "வாங்க சாமி, வாங்க" என்று கொஞ்சிக்கொண்டே மடிப்பு மடிப்பாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தராசில் தொங்கும் துணித் தூளியில் கிடத்துகிற வரைக்கும், என் பாவாடையில் அவன் விட்ட ஈரம் காய்ந்துகொண்டிருக்கும், நான் பொறாமையில் வெந்துகொண்டிருப்பேன்.

"என்னையும் நிறுத்துப் பாருங்க."

"உன்னைய வெச்சா தூளி அந்துரும், அம்மிணி. நீ அக்காளாச்சே."

எடையை உரக்கச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று எங்கள் தெருத் தாய்மார்கள் பயந்ததால், குழந்தையைத் தூக்கி வந்தவர் காதில் மட்டும்தான் நர்சம்மா அதைச் சொல்வார். ஈரக்கையால் என் முகத்தைத் திருப்பி, கன்னத்தோடு கன்னம் உரச அவர் கிசுகிசுக்கும் அந்த ஒரு நொடிக்காகவே வாரம் முழுவதும் அவனைச் சுமந்தேன். அப்போதும் அவர் சொன்னது அவன் எடையைத்தான்.

தம்பிக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. நேற்று அவனிடம் அந்த நர்சம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த நர்சுங்கக்கா?" என்கிறான்.

அத்தனை வெந்நீரையும் இவனுக்குத்தான் ஊற்றினார்.