கடைக்குப் போகாத மனுஷன்

என் கணவர் குடியை விட்டுவிட்டார் என்று அரியலூரில் எங்கள் தெருவே நம்புகிறது. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

போன வருஷம் குலதெய்வக் கோயிலுக்கு நான்தான் அவரை இழுத்துப் போனேன். குடியை விட நினைப்பவர்கள் அங்கே கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி, "சாமி முன்னால உன் வாயால சொல்லுப்பா" என்றார். இவர் கற்பூரத்தை அடித்து, "இனிமே கடைக்குப் போவ மாட்டேன்" என்றார். கடை என்றால் எந்தக் கடை என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நானும் நிம்மதியாகத் திருநீறு வாங்கிக்கொண்டேன். சிமெண்ட் லாரி ஓட்டுகிற மனுஷன் முழுசாக வீடு திரும்பினால் போதும், வேறு எதையும் நான் வேண்டவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு பாடாலூர் ரோட்டோரத்தில் தேன் வாங்கி வந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார் என்று பூரித்துப் போனேன். அவரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டே தேனைத் தண்ணீர் கேனில் கரைத்தார். ஈஸ்ட்டைத் தூவி, கேன் வாயில் ஒரு பலூனை மாட்டி, அதில் ஊசியால் ஓட்டை போட்டார். மறுநாளே அந்த ஓட்டையையும் மீறிப் பலூன் உப்பிக்கொண்டு நின்றது. அடுப்படி முழுக்கப் புளித்த வாடை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாதவர், அந்தக் கேனைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

நுரை அடங்கியதும் வடிகட்டிக் குடித்தார். "என்னங்க இது? சாமிகிட்ட சத்தியம் பண்ணீங்களே?" என்று கேட்டேன்.

"கடைக்கா போனேன்? வூட்ல தேன் குடிக்கிறேன். முருகனுக்கே தேன்தான்டி படைக்கிறாங்க" என்றார். கண் சிவந்திருந்தது. சாமியையே வார்த்தையில் மடக்கியவரிடம் நான் என்ன பேசி ஜெயிப்பது?

வெளியில் சொல்லவும் வழியில்லை. வீட்டிலேயே போதைச் சரக்கு தயாரிக்கிறான் என்று போலீஸ் வந்தால் வேலையும் போகும், சோறும் போகும். ஒரு தடவை கேனில் இருந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன். மறு வாரம் இரண்டு கேனாக வைத்தார். அவர் லாரியை எடுக்கும்போதெல்லாம் அதே சாமியைத்தான் கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் புருஷனும் குடிதான். அடி வாங்கிய கன்னம் வீங்கியிருந்தது. "அக்கா, எந்தக் கோயில்ல கயிறு கட்டுனீங்க? எங்க வூட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலையும் போகிற பஸ்ஸையும் சொன்னேன். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

"நீங்க குடுத்து வச்சவங்கக்கா" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.