தமிழரசி மேல் ஒரு பிராது

புது நோட்டைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே... எல்லோருக்கும் அது பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்துமாம். எனக்கு வயிற்றெரிச்சலைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். காலேஜில் சேர்ந்த குற்றத்துக்காக உயிர்ச் சிநேகிதி மேல் சாமியிடம் பிராது கட்டக் கிளம்பியவள் நான். அதுவும் அவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே.

எழுபதுகளில் நடந்தது. விருத்தாசலத்தில் தமிழரசியும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நான் மூன்றாம் வகுப்பு... அதையும் முழுசாக முடிக்கவில்லை. (இதையே போனில் பேசித்தான் எழுத வைக்கிறேன். போன் என்னைவிட அதிகம் படித்திருக்கிறது.)

எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. கரண்டு மீட்டர் பக்கத்தில் மாட்டுகிற பீஸ் கட்டைகள் அச்சிலிருந்து பச்சை மண்ணாக வரும். ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். லீவு நாளில் தமிழும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டுவாள். வாய் ஓயாது. மேஸ்திரி வந்து எங்கள் நடுவில் ஒரு பலகையை வைத்துவிட்டுப் போவார்.

அப்படி இருந்தவள் காலேஜில் பி.யூ.சி. சேர்ந்தாள்.

திங்கட்கிழமை. கஞ்சி போட்ட நீலத் தாவணி. ரெட்டைச் சடை போய் ஒற்றைச் சடை. நெஞ்சோடு அணைத்த நோட்டு. தெருவே வாசலில் நின்று பார்த்தது. சடை கோணலாக இருப்பதாகச் சொன்னேன். நேராகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்டேன். விமலா. நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் வருகிறாளாம். கையில் வாட்சாம். தயிர் சாதத்தை ஸ்பூனில் சாப்பிடுகிறாளாம்.

புதன்கிழமையும் விமலா... நான் சூளை பிரித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். தமிழ் கொட்டாவி விட்டாள்.

வியாழக்கிழமைதான் விஷயம் முற்றியது. டீ நேரம். கையெல்லாம் வெள்ளை மண்ணோடு கம்பெனி கேட்டில் நின்றிருந்தேன். எதிர்ச் சாரியில் தமிழும் அந்த வாட்ச் கட்டினவளும் போனார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் சுரண்டியதில் பாதிக் கட்டைக்கு மூலை இல்லை. மேஸ்திரி கேட்டார். மண் சரியில்லை என்றேன்.

எங்கள் பக்கம் ஒருவர் மேல் குறை என்றால் போலீசுக்கு முன்னால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம்தான் போவோம். இன்ன பேர், இன்ன ஊர், இன்ன குறை என்று சாமிக்கே மனு எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் பிராது. குறை தீர்ந்ததும் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். ரொம்ப ஒழுங்கான ஆபீஸ்.

ஒரே சிக்கல்... எனக்கு எழுத வராது. கோயிலில் எழுதிக் கொடுக்கிறவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். தெருவில் யாரிடம் கேட்டாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நல்லா எழுதவும் வேண்டும், வெளியே சொல்லவும் கூடாது. அப்படி எனக்கு ஒரே ஆள்தான் இருந்தாள்.

சனிக்கிழமை தமிழரசியிடமே போனேன்.

கூட வேலை செய்கிற ஒரு பெண்ணுக்காக என்று சொன்னேன். காலேஜ் நோட்டிலேயே தாள் கிழித்தாள். வாசனை வந்தது. என்ன குறை என்று கேட்டாள். கூடவே இருந்தவள் புதுசாக ஒருத்தி கிடைத்ததும் கண்டுகொள்வதில்லை, அவள் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பழையபடி வந்துவிட வேண்டும் என்றேன். எழுதினாள்.

"யாரு மேல? பேரு சொல்லு."

"பேரு வேணாம். சாமிக்குத் தெரியும்."

"பேரு இல்லன்னா சாமி எந்த வூட்டுல போயி தேடும்?"

நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை. அப்புறம் ஓடியது. எட்டிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வரும்... த-மி-ழ-ர-சி. அவள் பேரை அவளே எழுதியிருந்தாள். அப்பா பேர், தெருப் பேர் சகிதம்.

"வியாழக்கெழம நின்னிருந்தன்னா, நோட்ட தூக்கிப் போட்டுட்டு ஒங்கூட உள்ள வந்து ஒக்காந்திருப்பன்டி அஞ்சல," என்றாள். "அங்க சொல்றது ஒரு எழுத்து புரியல. அவ இங்கிலீஷ்ல பேசறா, நான் தலய ஆட்டறன். அஞ்சு நாளா ஆட்டறன்."

தாளை மடித்து என் கையில் வைத்தாள்.

"போயி கட்டு. பலிச்சிதுன்னா எனக்கும் நிம்மதி."

இப்படி மாட்டிவிடுவாள் என்று நினைக்கவில்லை. நான் கேட்டது அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது. சாமி கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை அவள் என் பக்கத்தில் கட்டை சுரண்டுவாள். சத்தியமாக ஆசையாகத்தான் இருந்தது...

தாளை நாலாகக் கிழித்தேன். வேறு எழுதச் சொன்னேன். யார் மேல் என்றாள். இங்கிலீஷ் மேல் என்றேன். ஊர் கேட்டாள். தெரியாது என்று போடச் சொன்னேன். விமலா பேரையும் ஓரத்தில் சேர்க்கச் சொன்னேன்... அதற்கு மட்டும் மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நடந்தே போய்க் கட்டிவிட்டு வந்தோம். இங்கிலீஷ் மெதுவாக வழிக்கு வந்தது. தமிழரசி டீச்சராகி மெட்ராஸ் போனாள். நான் கட்டை சுரண்டினேன்.

அப்போது ஒருத்தி மேல் கோபம் என்றால் பேப்பர் வேண்டும், பேனா வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி ஆறிவிடும். இப்போது போனில் ஒரு அமுக்கு... ஆளே இல்லை.

தன் காலேஜ் சிநேகிதிகள் குரூப்பில் தமிழ் என்னையும் சேர்த்திருக்கிறாள். எல்லாம் இங்கிலீஷ். நான் கட்டைவிரல் படம் போடுகிறேன்.

போன மாதம் தமிழ் மகனுக்குக் கல்யாணம். பெண் யார் என்கிறீர்கள்? விமலா மகள். சம்பந்திகளைச் சேர்த்து போட்டோ எடுத்தார்கள். நான் மேடையேறிப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

ஆல்பம் நேற்று வந்தது. தமிழும் விமலாவும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். நான் நின்ற இடத்தில் வீடியோக்காரர் முதுகு இருக்கிறது. சட்டை கோடு போட்டது.