எக்ஸ்பிரஸ் மெதுவாக ஓடிய மூன்று நாள்

அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டம் கட்டியவள் எதிர் நாற்காலிக்காரி ரேடியோ. ரேடியோவுக்குப் பட்டம் கட்டியவள் எக்ஸ்பிரஸ். கணக்கு நேராகிவிட்டது. சாக்ஸ் கம்பெனியின் மாடி அறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் இருவரும். இப்போது ஒருத்திக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னொருத்தி சாயம் பூசிக்கொள்கிறாள். எவள் எது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

கீழ்த்தளத்தில் இயந்திரம் பின்னித் தள்ளும் சாக்ஸ் மூட்டை மூட்டையாக மாடிக்கு வரும். ஒரே நீளமும் ஒரே நிறமும் உள்ள இரண்டைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தடவி, மடித்து, காகிதப் பட்டை ஒட்டி, பன்னிரண்டு ஜோடியை ஒரு கட்டாக்கிக் காலடியில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். கூலி டஜனுக்கு இவ்வளவு. கை ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அது சம்பளத்தில்தான் கழியும்.

பெட்டியின் உட்பக்கம் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். சாயங்காலம் மணி அடிக்கும்போது கட்டுகள் அந்தக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து தொடாதவள் நான்காம் நாள் வர வேண்டியதில்லை. இதற்குச் சண்டை, சமாதானம், விசாரணை எதுவும் கிடையாது. கோடு பேசாது, அவ்வளவுதான்.

கூலி டஜன் கணக்கில் வந்தால் ஆளும் டஜன் கணக்கில்தான் வாழ்வாள் போலிருக்கிறது. எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டே சாப்பிடுவாள். குளிக்கும்போதே பல் தேய்ப்பாள். அடுத்தவர் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அவளே முடித்துவைத்து, பதிலும் சொல்லி, அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், மாதச் சம்பளக்காரர். ஒரு புத்தகத்தை எடுத்தால் தூசி தட்டி, அட்டையைப் பார்த்து, பின்னட்டையைப் படித்து, நாலு பக்கம் புரட்டி, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் அலமாரியில் வைப்பார். எத்தனை அடுக்கினாலும் முதல் தேதி வரும் சம்பளம் ஒன்றுதான் என்றால் யார்தான் ஓடுவார்கள்? "உங்களை டஜன் கூலிக்கு விட்டா பட்டினிதான் கிடக்கணும்" என்று அவள் சொல்வாள். அவர் சிரிக்கவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார்.

வேகத்தால் அவளுக்கு ஒரு முறை பெருமை வந்தது. அந்த வருடம் அதிகக் கட்டுப் போட்டவள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு குடை பரிசு கொடுத்தார். கைதட்டல் என்ன, போட்டோ என்ன! அடுத்த மாதமே டஜன் கூலியைக் குறைத்துவிட்டார்கள். "ஒரு பொம்பளையால இவ்வளவு போட முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்தானே?" என்றார் சூப்பர்வைசர். குடை அவளுக்கு, வெயில் மொத்த அறைக்கும். பல மாதம் அறையில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ரேடியோ ஒருத்திதான். உட்கார்ந்தது மட்டுமல்ல, ஒன்றுமே நடக்காததுபோலத் தன் பக்கத்து வீட்டுக்காரியின் நாத்தனார் கதையை மூன்று பாகமாகச் சொல்லி முடித்தாள்.

அந்த ரேடியோவுக்குத்தான் இரண்டு வருடமாக விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. காலையில் விரல் மடங்காது. மடங்கினால் நிமிராது. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடியதால் அறையில் யாரும் கையைக் கவனிக்கவில்லை. எதிரே இருப்பவள் கவனிக்காமல் இருப்பாளா? மேசைக்கு அடியில் இரண்டு பெட்டிகளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எக்ஸ்பிரஸ் தன் கட்டுகளில் நாலைந்தை நாள்தோறும் கை தவறியதுபோல அந்தப் பக்கத்துப் பெட்டியில் விட்டுவிடுவாள். ரேடியோவின் பெட்டி கோட்டைத் தொட்டுவிடும். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் எக்ஸ்பிரஸ் கண்ணும் கருத்துமாக இருந்தாள். தெரிந்தால் மானஸ்தி வேலையை விட்டுவிடுவாள். விட்டால் அவளுக்குச் சோறு போட வேறு நாதி இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்து மேசையைத் தட்டினார். "வியாழக்கிழமை வெளியிலேருந்து ஒருத்தர் வர்றார். கடிகாரம் வெச்சு வேலையை அளப்பார். அவர் எழுதிக் கொடுக்கிறதுதான் இனிமே கூலி." பிறகு எக்ஸ்பிரஸைப் பார்த்துச் சிரித்தார். "உன் பக்கத்துலதான் உட்காருவார். நம்ம மானத்தைக் காப்பாத்து."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன் கை ஓடுகிற ஓட்டத்தை அந்த ஆள் எழுதிக்கொண்டு போனால் கூலி மறுபடியும் குறையும், சிவப்புக் கோடு மேலே ஏறும். ஏறிய கோட்டை இரண்டு பேர் கட்டுகளைக் கொட்டினாலும் ரேடியோவால் தொட முடியாது. இந்த முறை தன் கையாலேயே அவளைத் தெருவில் நிறுத்துவதா? ஆக, ஒரே வழி. வியாழக்கிழமை மெதுவாக வேலை செய்ய வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. அன்று ராத்திரி கட்டிலில் வீட்டுச் சாக்ஸை எல்லாம் குவித்துவைத்துப் பழகிப் பார்த்தாள். கை கேட்கவே இல்லை. மனசு ஒன்று என்பதற்குள் விரல் மூன்று மடித்துவிட்டது. கணவர் தன் வழக்கப்படி மெதுவாக வந்து, மெதுவாக உட்கார்ந்து பார்த்தார்.

"என்னங்க, நீங்க எப்படித்தான் இப்படி ஆமையாட்டம் வேலை செய்யறீங்க? கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டது இதுதான் முதல் தடவை. மனிதருக்குக் கன்னமெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் மெதுவாச் செய்யணும்னு செய்யலை. ஒரு புத்தகத்தை எடுத்தா, இதை யாரு எடுத்துட்டுப் போயிருப்பாங்க, எங்க உட்கார்ந்து படிச்சிருப்பாங்கன்னு தோணும். நீயும் அப்படி நெனச்சுப் பாரு. இந்தச் சாக்ஸ் யாரு காலுக்குப் போகும்?"

அவள் ஒரு கறுப்புச் சாக்ஸைக் கையில் எடுத்தாள். யார் காலுக்கு? வேலை தேடிப் போகிற ஒரு பையன். புது ஷூ கடிக்கும். அவன் அம்மா வாசலில் நின்று பார்ப்பாள். கை நின்றுவிட்டது. அவருடைய வித்தை பலித்துவிட்டதில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி வெகு நேரம் அவர் சாக்ஸை எடுத்துக் கொடுக்க, அது யார் காலுக்குப் போகும் என்று அவள் சொல்ல, அந்த வீட்டில் முதல் முறையாக ஒரு வேலை அவசரமில்லாமல் நடந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தன் பெட்டி கோட்டைத் தொடுகிற அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து, செவ்வாயும் புதனும் கம்பெனியிலேயே பழகினாள். வியாழக்கிழமை கடிகாரக்காரர் வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். ஒரு கம்பெனியை அளந்தால் இவ்வளவு என்று அவருக்கும் எண்ணிக்கைக் கூலிதான் எனப் பிறகு தெரிந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தை அமுக்கினார். எக்ஸ்பிரஸ் சாக்ஸை எடுத்தாள். இது ஒரு பஸ் டிரைவர் காலுக்கு. இது பள்ளிக்கூடத்துக்குப் போக அழும் ஒரு குட்டிப் பெண்ணுக்கு. நாள் முழுக்க ஊரில் உள்ள கால்களை எல்லாம் நினைத்து நினைத்து மடித்தாள். அறையே மூச்சுவிடாமல் பார்த்தது. ரேடியோகூட வாய் திறக்கவில்லை.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். "போதும்மா. நன்றி" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் குனிந்தபோதுதான் ரேடியோவின் பெட்டி கண்ணில் பட்டது. கோட்டுக்கு ஆறேழு கட்டுக் குறைவாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மெதுவாகப் பழகுகிற மும்முரத்தில் செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டிக்கு ஒரு கட்டும் போடவில்லை. புதன்கிழமையும் போடவில்லை. இன்று மூன்றாம் நாள். யாரைக் காப்பாற்ற இந்தக் கூத்தெல்லாம் ஆடினாளோ, அவளையே மறந்துபோனாள் பாவி.

அதற்குப் பிறகு பஸ் டிரைவர் இல்லை, குட்டிப் பெண் இல்லை. கை பறந்தது. எடுத்தாள், மடித்தாள், ஒட்டினாள், கட்டினாள், மேசைக்கு அடியில் தள்ளினாள். தன் பெட்டியிலிருந்தும் அள்ளி அந்தப் பக்கம் போட்டாள். பக்கத்தில் இருந்தவர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

"அது யாரோட பெட்டிம்மா?"

அவள் கை அந்தரத்தில் நின்றது. இரண்டு வருடத்துப் பொய்யும் மூன்று நாள் பொய்யும் ஒன்றாக மாட்டிக்கொண்டன.

"என்னோடது சார்" என்றாள் ரேடியோ.

எழுந்து நின்று, வீங்கிய இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். "இதுதான் என் கை. இவ கை எனக்கும் சேர்த்துதான் ஓடுது. இவளை மட்டும் அளந்தீங்கன்னா அது பொய்க்கணக்கு. ஒரு மேசைக்கு ரெண்டு ஆளு. என்னையும் அளந்து, ரெண்டையும் கூட்டி வகுத்து எழுதுங்க. அதுக்கப்புறம் என்னை அனுப்பறதுன்னா அனுப்பிக்குங்க."

மனிதர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்தினார். மணி அடிக்கும்வரை ரேடியோவை அளந்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். சூப்பர்வைசர் கேட்டதற்கு, "இப்ப இருக்கிற கூலி சரிதான். மேசைக் கணக்குல பார்த்துட்டேன்" என்றார். அவர் அவ்வளவு நல்லவரா, வீட்டுக்குப் போகிற அவசரமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெட்டி எண்ணுபவன் வந்தபோது ரேடியோவின் கட்டுகள் கோட்டைத் தொட்டிருந்தன. எக்ஸ்பிரஸின் பெட்டி தொடவில்லை, அவளுக்கு அது முதல் நாள்தான்.

பஸ் நிறுத்தத்தில் எக்ஸ்பிரஸ் வெடித்தாள். "எப்பலேருந்துடி தெரியும் உனக்கு?"

"மொத நாள்லேருந்து. உன் மடிப்பு எனக்குத் தெரியாதா? குதிகாலை உள்ள தள்ளி மடிக்கிறவ அந்த ரூம்லயே நீ ஒருத்திதான்."

"அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கலை? ஊர்க்கதை எல்லாம் பேசறியே!"

ரேடியோ முந்தானையை விரலில் சுற்றப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. "சொன்னா உனக்குச் சங்கடமாப் போயி நிறுத்திடுவியோன்னு பயம்டி. தினமும் காலைல கண் முழிச்சதும் அந்த நெனப்புதான். இன்னைக்குப் போடுவாளா, மாட்டாளா? இந்த ரெண்டு நாளா நீ போடலை. உன்கிட்ட ஏதோ தப்பாப் பேசிட்டேன் போலிருக்கு, கோபமா இருக்கியோன்னு எனக்கு…" ரேடியோ ரோட்டைப் பார்த்தாள்.

தெரியாமல் கொடுத்தால் வலிக்காது என்றல்லவா எக்ஸ்பிரஸ் நினைத்திருந்தாள்? அவளுக்கு மானம் போகக் கூடாது என்று மறைத்தாள். இரண்டு வருடம் அவளைக் காலைதோறும் பயத்தோடு எழவைத்தது அந்த மறைப்புதான். அழுகையை அடக்க வேறு வழி தெரியாமல் திட்டினாள். "லூசு, லூசு! இனிமே வாயைத் திறந்து கேளு. காலைல வந்ததும் இத்தனை குறையும்னு சொல்லு. கேட்டியா?"

"எப்படிடி கேக்கறது?"

"வாயாலதான்."

அடுத்த நாள் இருவரும் மேசைக்கு வந்தார்கள். மூட்டை வந்தது. ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டாள், கண்ணாடியைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு அஞ்சு குறையும்டி."

"சரி" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்பிரஸ் முதல் சாக்ஸை எடுத்தாள்.