பிப்ரவரியில் வந்த கமிட்டி

மரைன் ஹில்லில் எனக்குப் பக்கத்து வீடு ஈஸ்வரன். கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். நெசவுத்தொழில் ஓர் ஊரை எப்படி வளர்க்கிறது, எப்படிக் கைவிடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. லீவு விட்டால் போதும், கப்பலேறி மெயின்லேண்ட் போய்த் தறிக் கிராமங்களில் அலைவார். தறியே இல்லாத தீவில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு.

தீவின் உள்ளே இருக்கும் சௌல்தாரி கிராமத்தில் கைத்தறிக்கூடம் வைக்க மெயின்லேண்டிலிருந்து ஒரு கமிட்டி வந்தது. இவரையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள். இந்தக் கமிட்டிகள் எப்போதும் பிப்ரவரியில்தான் வரும். அப்போது மழை இருக்காது, கடலும் அடங்கியிருக்கும், பெரிய மனிதர்கள் அப்படியே பீச்சையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

"கஞ்சி போட்ட பாவு நூல் வெயில்ல காயணும் சார். மெயின்லேண்ட்ல ரெண்டு மாச மழைக்கே தறி நின்னுடுது. இங்கே எட்டு மாசம் மழை" என்றார் ஈஸ்வரன். கமிட்டித் தலைவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். வெட்கங்கெட்ட சிரிப்பு.

அன்றே விலகியிருக்கலாம். தீவுக்காரன் ஒருத்தனாவது உள்ளே இருக்கட்டும் என்று ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த நல்ல எண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சௌல்தாரி அங்கம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். தன் பாக்கு மரங்களை வெட்டிக் கூடத்துக்கு இடம் கொடுத்தாள். காலேஜ் சாரே கமிட்டியில் இருக்கிறாரே என்ற தைரியம். அவளும் ஊர்ப் பெண்களும் தறியில் உட்கார்ந்தார்கள். மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. பாவு காயவில்லை. பூசணம் பூத்து நூல் இற்றுப்போனது. அடுத்த மழையோடு கூடத்தைப் பூட்டினார்கள்.

கமிட்டியின் கடைசி அறிக்கை காரணம் சொன்னது: உள்ளூர்ப் பெண்களிடம் உழைக்கும் பழக்கம் இல்லை. ஈஸ்வரன் மறுப்பு எழுதி அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை.

அங்கம்மா இப்போது எங்கள் தெருவில் நாலு வீடு பெருக்குகிறாள். ஒரு காலையில் என் வாசலில் ஈஸ்வரனை நிறுத்திக் கேட்டாள்.

"கூடம் ஏன் பந்த் ஆச்சுன்னு ரிப்போர்ட்டு வந்துருக்காமே சார். என்னா எழுதியிருக்காங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனிதருக்கு அது வராது.

"உங்களுக்கெல்லாம் வேலை செய்ய மனசில்லைன்னு எழுதியிருக்காங்கம்மா."

கத்துவாள் என்று நினைத்தேன். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அதுல உங்க பேரும் இருக்குமே சார்?"

இருந்தது, மூன்றாவது பெயராக.