பிரசாதம் சாப்பாட்டில் சேராது

எண்பதுகளின் கடைசியில் எனக்கு உலகப் புகழ் இருந்தது. அதற்குச் சாட்சி, இராஜபாளையத்தில் எங்கள் தெருத் தபால்காரர் ஒருவர்தான். ஒருவரது ஆராய்ச்சிக் கட்டுரையை வேறு நாட்டுக்காரர் படிக்க விரும்பினால், அச்சடித்த அட்டை ஒன்றை அனுப்பிப் பிரதி கேட்கும் காலம் அது. நான் வேலை பார்த்த கல்லூரிக்கு வந்தால் தபால்தலையைக் கிழித்துக்கொள்கிறார்கள் என்று வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன்.

"டாக்டரையா, இன்னைக்கு ஜப்பான்காரன். அப்படி என்னதான் எழுதினீய?"

"வயசானவங்க சாப்பாட்டப் பத்தி."

"அத இங்க வந்தா கேக்கான்? அவன் ஊர்ல கிழவனுக இல்லையாக்கும்?"

வயதாக ஆக உடம்பு மாவுச்சத்தை எப்படிக் கையாள்கிறது என்பதுதான் என் விஷயம். இராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றி வாழ்ந்த பெரியவர்களுக்கும், காலையில் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பார்த்தேன். மில்காரர்கள் சங்கக் கட்டடத்தில் வரிசையாக நின்று, "ஒரு டீயாவது குடிச்சுக்கிடுதோம்" என்று கெஞ்சினார்கள். நான் மசியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. மார்கழி மாதத்தில் பெரியவர்கள் எல்லோரும் விடிந்ததும் கோயிலுக்கு வந்துவிடுவார்கள், அதனால் அங்கேயே பக்கத்தில் முகாம் போடலாம் என்பது என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முடிவு விசித்திரமாக வந்தது. ஒல்லியாக, அளவாகச் சாப்பிட்டு, ஏகாதசி தவறாமல் பட்டினி கிடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத்தான் சர்க்கரை கூடுதல். இதற்கு நான் பக்கம் பக்கமாகக் காரணம் கண்டுபிடித்தேன். அடிக்கடி விரதம் இருக்கும் முதிய உடம்புக்கு மாவுச்சத்து தாங்குவதில்லை, ஆகவே இவர்களுக்கு இரவுச் சாப்பாட்டைக் குறைப்பது நல்லது என்றேன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அச்சிட்டது. அட்டைகள் வந்தன. பேராசிரியர் பதவிக்கான நேர்காணலும் நெருங்கியது. எத்தனை பேர் என் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டித்தான் நான் அதில் தேற வேண்டும். என்னிடம் வேறு சரக்கு இல்லை.

அடுத்த மார்கழியில் அதே பெரியவர்களை மறுபடி சோதிக்கப் போனேன். ஓய்வுபெற்ற நெசவாளர் ஒருவர், தொன்னையை வழித்து நக்கிக்கொண்டே வந்து இன்னொரு கையை ஊசிக்கு நீட்டினார்.

"பெரியவரே, வெறும் வயித்துலல்லா வரச் சொன்னேன்?"

"வெறும் வயித்துலதான் வந்திருக்கேன்."

"கையில நெய் வடியுதே!"

"இதா? இது பிரசாதம்லா."

"பிரசாதம்னா வயித்துக்குள்ள போகாதா?"

"போகும். அதுக்காக அது சாப்பாடாயிருமா? சாப்பாடு இனி வீட்டுக்குப் போயித்தான்."

வரிசையே தலையாட்டியது.

"போன வருசமும் இப்படித்தான் வந்தீயளா?"

"சேச்சே, போன வருசம் சர்க்கரைப் பொங்கல்லா. இது வெண்பொங்கல்."

என் படிவத்தில் 'உணவு உட்கொண்டீர்களா?' என்ற கேள்விக்கு அத்தனை பேரும் 'இல்லை' என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆனது.

"அம்புட்டுத் தூரத்துல இருக்கவனுக்குப் பொங்கல் தெரியவா போகுது? இன்டர்வியூ முடியட்டும், பொறவு எழுதுங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான்கு நாள் அப்படியே இருந்தேன். ஐந்தாம் நாள் வந்த அட்டையின் அடியில் யாரோ கையால் ஒரு வரி எழுதியிருந்தார்கள். தங்கள் முதியோர் இல்லத்தில் விரதம் இருப்பவர்களுக்கு இரவு ரொட்டியைக் குறைத்துவிட்டார்களாம். எனக்கு நன்றியாம்.

மனைவியிடம் கொடுத்தேன். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்க இவிய பொங்கல் தின்னதுக்கு அங்க ஒரு கிழவி பட்டினியா? இப்பமே எழுதித் தொலைங்க."

எழுதினேன். அந்த இல்லத்துக்குத் தனியாக ஒரு கடிதம், பத்திரிகைக்கு ஒரு திருத்தம். பத்திரிகை ஆசிரியர், பிரசாதம் எவ்வளவு எடை என்று கேட்டிருந்தார். சோதனைக்கூடத் தராசை எடுத்துக்கொண்டு பிரசாத வரிசையில் நின்றேன்.

கொடுப்பவர் முறைத்தார். "நிறுத்தா பாக்கீய? கொறைவா இருந்தா கேளுங்க, இன்னும் ஒரு கை வைக்கேன்." வைத்தும்விட்டார். அதையும் நிறுத்தேன்.

நேர்காணலில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்க கட்டுரையை நீங்களே தப்புன்னு சொல்லிட்டீங்க. இப்ப எங்ககிட்ட எதைக் காட்ட வந்திருக்கீங்க?" பதவி வேறொருவருக்குப் போனது.

தொண்ணூறுகளில் மறுபடி விண்ணப்பித்தேன். அதற்குள் மேற்கோள்கள் முன்பைவிடக் கூடியிருந்தன. எல்லாமே திருத்தத்துக்கு வந்தவை. முதியவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக என்னைக் காட்டியிருந்தார்கள். நேர்காணல் குழுவில் ஒருவர், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியல் போடும் நூலகத்துத் தடிப் புத்தகத்தில் விரல் வைத்து எண்ணினார். எதற்காக மேற்கோள் என்று கேட்க விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. பேராசிரியரானேன்.

அடுத்த முகாமில் என் கேள்வி மாறியிருந்தது. அதே நெசவாளர் வந்து உட்கார்ந்தார்.

"எந்திரிச்சதுல இருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?"

யோசித்து யோசித்துச் சொன்னார். தீர்த்தம், துளசி, ஒரு கற்கண்டு. எழுதிக்கொண்டு ஊசியை எடுத்தேன்.

"இன்னொன்னும் உண்டு. சொல்லணுமா வேண்டாமான்னு பாக்கேன்."

"சொல்லுங்க."

"மூக்குப்பொடி. நீங்க வாயத்தான கேட்டீய?"

அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் போட்டேன்.