கிழக்கு வாசலில் விட்ட செருப்பு

போன வியாழக்கிழமை திருவிடைமருதூர் போனேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி மலரின் மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்; முடிவு திங்கட்கிழமைதான். "எனக்காக ஒரு தடவை கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்றாள். சாமி இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். "ஆதாரமா கேட்டேன்? போய்ட்டு வாங்கன்னுதானே சொன்னேன்" என்றாள். கிளம்பினேன்.

தஞ்சாவூரில் காலை 8.10க்குப் பேருந்து. கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அன்று முடிவு வராது என்று தெரிந்தும் வழியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ, 250 ரூபாய். ஓட்டியவர் பஷீர், என் வயதுதான். தரங்கம்பாடிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல் விதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மழை வரலைன்னா?"

"விதை போச்சு சார்."

"வரும்னு என்ன உத்தரவாதம் பாய்?"

"ஒண்ணும் இல்ல. வந்தப்புறம் பாத்துக்கலாம்னா வயல்ல கால் வைக்க முடியாது. சில வேலைய தெரிஞ்சுக்கிட்டு செய்ய நேரம் இருக்காது சார்."

மழையையாவது போன வருஷம் பார்த்தீர்கள், சாமியை யார் பார்த்தது என்று கேட்க வாய் வரை வந்தது. வாதாடத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

கோயிலில் ஒரு வழக்கம்: கிழக்கு வாசலில் நுழைந்தவர் அதே வழியில் திரும்பக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவைப் பிடித்த பாவம், அவர் திரும்பி வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ள அங்கே காத்திருக்கிறதாம், நம்முடையதும் அப்படித்தானாம். தெரிந்தும் செருப்பை அங்கேதான் விட்டிருந்தேன். பெரிய பகுத்தறிவாளன் அல்லவா!

திரும்பும்போது வாசலுக்கு இருபதடி முன்னால் நின்றேன். செருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. கால் நகரவில்லை. ஒருவேளை என்று ஒரே ஒரு வார்த்தைதான் மனதில். திரும்பி, வேறு வாசல் வழியாகச் சுடுகிற தெருவில் இறங்கி, காத்திருந்த ஆட்டோவுக்குச் சுற்றி வந்து, செருப்பு கிழக்கு வாசலில் இருப்பதைச் சொன்னேன்.

"இருங்க சார், நான் போய் எடுத்தாறேன்" என்றார் பஷீர்.

"வேணாம் பாய். அங்கேயே கிடக்கட்டும்."

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போய்விடுங்கள். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள். நான் நம்ப ஆரம்பித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், தெரியாது. பயந்துபோயிருக்கிறேன், அது தெரியும்.

வீட்டில் மலர் என் வெறுங்காலைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்தாள். பல நாளுக்குப் பிறகு அன்று மதியம்தான் தூங்கினாள்.

நாளை பதினொரு மணிக்கு முடிவு.