காதோரம் குலுங்கிய மல்லாட்டை

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் என்னைத் தெரியாதவன் மல்லாட்டை வியாபாரியாக இருக்கவே முடியாது. வெளியூர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை. ஈரம் பார்க்க மெஷின் வந்துவிட்டது. எனக்கு அது வேண்டாம். ஒரு காயை எடுத்து இடது காதோரம் குலுக்கினால் போதும். காய்ந்ததா, இன்னும் வெயில் வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு போச்சு. இன்று சொந்த லாரி ஓடுகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

அந்தக் காதில்தான் சிறுவயதில் ஓயாமல் சீழ் வடிந்தது.

எங்கள் ஊர் விக்கிரவாண்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. என் இடது காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். வாத்தியார் கூப்பிட்டால் கேட்காது. பையன்கள் "டேய் டமாரம்" என்பது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுப்பார்கள். ஆறும், மறுபடி ஒழுகும். இப்படியே விட்டால் காது கேட்காமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரார் மல்லாட்டையின் மேல் பழி போட்டார்கள். பையன் நாள் முழுக்க அதைத்தானே மெல்லுகிறான், வேறென்ன காரணம்? எனக்கு மல்லாட்டை நின்றது. உடம்பு தேறட்டும் என்று வீட்டுப் பசுவின் பாலை வேளைக்கு ஒரு சொம்பு கொடுத்தார்கள். காது முன்னைவிட நன்றாகவே ஒழுகியது.

பசு சினையாகிப் பால் வற்றியது. என் காதும் காய்ந்தது. கன்று போட்டதும் சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சி முதல் கிண்ணத்தை எனக்குத்தான் கொடுத்தார்கள். அந்த வாரமே பஞ்சு நனைந்தது. அம்மா பசுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இனிமே இவனுக்குப் பால் கெடையாது."

அப்பா சிரித்தார். "பால் குடிச்சா காது ஒழுவுமா? வெளிய சொல்லிக்கினு இருக்காத, ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அது எம்புள்ள காதுல வுழுந்தா போதும் எனக்கு."

விழுப்புரம் டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படி இல்லம்மா. சில பேருக்குச் சேராம இருக்கலாம். நிறுத்திப் பாருங்க. மருந்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

நான் விடுவேனா? ஒருநாள் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் காம்பில் வாய் வைக்கப் போனேன். அம்மா காலைப் பிடித்து இழுத்தாள். "கன்னுக்குட்டிக்குக் காது ஒழுவுதாடா? அது குடிக்கட்டும், நீ எழுந்து வா!"

பாலுக்குப் பதிலாக மல்லாட்டை திரும்பி வந்தது, ஒரு விளையாட்டோடு. காலையில் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு காயைக் குலுக்குவாள். சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் என்று நானாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் காய் எனக்கு. வலப்பக்கம் என்றால் உடனே சொல்லிவிடுவேன். இடப்பக்கம் குலுக்கினால் குலுக்கியதே தெரியாமல் சும்மா நிற்பேன். அவள் காயை முறத்தில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நாளைக்கு விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

கேப்பை அறுப்பு சமயம் ஒரு காலையில், ஒழுகல் நின்று பல நாளான இடது காதில் மெல்லக் கேட்டது. ஓட்டுக்குள் பருப்பு உருளும் சத்தம்.

"இந்தப் பக்கம்!" என்று கத்தினேன்.

அம்மா முறத்திலிருந்த காயையெல்லாம் என் டவுசர் பையில் திணித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா, தோத்துட்டேன்னு அழுவுறியா?"

"ஆமாண்டா."

நம்பிவிட்டேன். பெற்றவளையே ஜெயித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.